உழைப்பால் இயல்பான திறமையை முந்த முடியுமா?

கேள்வி கேட்டவர் தம் நிலையைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார். உடன் படிக்கும் நண்பர் தேர்வுக்கு முன் சில நாட்கள் மட்டும் புத்தகத்தைப் புரட்டிவிட்டு முதலிடம் பிடிக்கிறார். இவரோ மாதக்கணக்கில் கண்விழித்துப் படித்தும் பின்னாலேயே நிற்கிறார். கணித ஒலிம்பியாடில் இந்த இடைவெளி இன்னும் கூடுகிறது. உழைப்பால் இதை ஈடுகட்ட முடியுமா, ஒலிம்பியாடை விட்டுவிடுவதா என்பது அவருடைய கேள்வி. மாணவர்களுக்குக் கணிதப் போட்டிகளுக்காகப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஒருவருக்கொருவர் இயல்பான திறமையில் வேறுபாடு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. எல்லோரும் சமம், முயற்சிதான் குறைவு என்று ஒரு மாணவரிடம் சொன்னால், ஏற்கெனவே முழு மூச்சாகப் படித்துக்கொண்டிருப்பவருக்கு அது ஆறுதலாக இராது. குற்றச்சாட்டாகவே போய்ச் சேரும். கற்பூர புத்தி, கரி புத்தி, வாழைமட்டை புத்தி என்று மாணவர்களை மூன்றாகப் பிரிப்பது நம்மிடையே பழைய வழக்கம். அந்தப் பிரிவினை அளப்பது பற்றிக்கொள்ளும் வேகத்தை மட்டுமே; படிப்பில் திறமை என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் அதுதான். ஒரு கருத்து மனத்தில் ஊன்ற ஒருவருக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும், மற்றொருவருக்கு இருபது தேவைப்படலாம். ஆனால் தேர்வுத்தாளைத் திருத்துபவருக்கு இந்த இரண்டும் இருபதும் தெரியாது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 64 கட்டங்கள் கொண்ட சதுரங்கப் பலகையில் எதிரெதிர் மூலைகளில் உள்ள இரண்டு கட்டங்களை வெட்டி எடுத்துவிட்டால் 62 கட்டங்கள் மிஞ்சும். அடுத்தடுத்த இரண்டு கட்டங்களை மூடக்கூடிய டோமினோக்கள் 31 தரப்பட்டால் அந்தப் பலகையை முழுவதும் மூட முடியுமா? முடியாது. எதிரெதிர் மூலைகள் ஒரே நிறத்தவை. அவற்றை எடுத்துவிட்டால் ஒரு நிறத்தில் 32 கட்டங்களும் மறு நிறத்தில் 30 கட்டங்களும் இருக்கும். ஒவ்வொரு டோமினோவும் ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் மூடியே ஆக வேண்டும் என்பதால் கணக்கு ஒருபோதும் சரிவராது. போட்டிக் கணிதத்தில் ஊறியவர்களுக்கு இது மிகவும் பழைய கணக்கு. இதை ஐந்து விநாடியில் முடிப்பவர் முன்பே பார்த்தவராக இருப்பார். இதுவரை கேள்விப்படாமலிருந்து, அரைமணி நேரம் திணறி, நிறங்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று தாமாகவே கண்டுபிடிப்பவர்தான் உண்மையில் திறமைசாலி. ஆனால் கடிகாரத்தை வைத்து மதிப்பிடும் எந்தத் தேர்விலும் முன்னவர் மேதையாகவும் பின்னவர் மந்தமானவராகவும் தோன்றுவார்கள். உங்கள் நண்பரின் வேகத்தில் எவ்வளவு பங்கு பிறவித் திறமை, எவ்வளவு பங்கு சிறு வயதிலிருந்தே புதிர்ப் புத்தகங்களோடு கழித்த, யாரும் படிப்பு என்று எண்ணிப் பார்க்காத நேரம் என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. (தாம் படிக்கும் நேரத்தைக் குறைத்துச் சொல்வதில் மாணவர்களுக்கு இருக்கும் பெருமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

திறமை உண்மையில் வெளிப்படுவது அடுத்த படியில். 25 கட்டங்கள் கொண்ட பலகையில் குதிரை எல்லாக் கட்டங்களையும் ஒருமுறை மிதித்து, 25ஆவது தாவலில் புறப்பட்ட கட்டத்துக்கே திரும்ப முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். குதிரை ஒவ்வொரு தாவலிலும் நிறம் மாறும். 25 ஒற்றைப்படை எண். ஆகவே கடைசியில் அது வேறு நிறக் கட்டத்தில்தான் நிற்கும். டோமினோ கணக்கைக் கற்ற சிலர் இதைப் பார்த்தவுடனே நிறங்களைத் தேடுவார்கள். பலருக்கு இரண்டுக்கும் உள்ள உறவே தோன்றாது. அந்தப் பலரிடம் நான் செய்யச் சொல்வது மிகவும் எளிமையானது: கணக்கை முடித்ததும் விடையை மூடி வைத்துவிட்டு, இதில் வழி திறந்த எண்ணம் எது என்று ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். 'டோமினோ கணக்கு' என்று எழுதினால் பயனில்லை. 'ஒவ்வோர் அடியிலும் மாறுவதையோ மாறாததையோ எண்ணிப் பார்' என்று எழுத வேண்டும். விரைவில் பற்றிக்கொள்பவர் தம்மை அறியாமல் செய்வதை மற்றவர் அறிந்தே செய்யும் வழி இது. உழைப்பு என்ற சொல்லுக்கு நான் கொடுக்கும் பொருளும் இதுதான்.

உழைப்பை மணிக்கணக்கில் அளக்கும் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு பாதி உண்மை இருக்கிறது. உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்ஸனும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் '10,000 மணி நேரம்' பயிற்சி செய்தால் எதிலும் வல்லவராகலாம் என்ற பேச்சு பரவியது. எரிக்ஸன் வலியுறுத்தியதோ பயிற்சியின் தரத்தை. குறைகளைக் குறிவைத்துத் திருத்தும் பயிற்சியை. 2014இல் மக்னமாரா, ஹாம்பிரிக், ஆஸ்வால்ட் ஆகிய உளவியலாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆளுக்கு ஆள் திறனில் உள்ள வேறுபாட்டில் திட்டமிட்ட பயிற்சியால் விளக்க முடிந்தது விளையாட்டுப் போட்டிகளிலும் இசையிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என்றும் கல்வியில் 4 விழுக்காடு மட்டுமே என்றும் கண்டனர். இதைப் படித்துவிட்டு மீதி 96 விழுக்காடும் பிறவித் திறமை என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு, அது தவறு. முன்னறிவு, ஆசிரியர், தொடங்கிய வயது, நினைவாற்றல், பயிற்சியை அளந்த முறையின் குறைபாடு என்று எல்லாமே அந்த மீதியில்தான் அடங்கியிருக்கின்றன.

எந்தப் போட்டி என்பதைப் பொறுத்தும் விடை மாறும். பாடத்திட்டத்துக்கு எல்லை வகுத்த தேர்வுகளில், இருபது எடுத்துக்காட்டுகள் தேவைப்படுபவர் அவற்றை நேரத்தோடு பார்த்து முடித்துவிட்டால் இடைவெளி பெருமளவு மறைந்துவிடும். அங்கே மதிப்பெண் பெரும்பாலும் கவனக்குறைவிலும் மறதியிலும்தான் போகிறது. பன்னாட்டுக் கணித ஒலிம்பியாட் வேறு வகை: இரண்டு நாட்கள், நாளுக்கு நாலரை மணி நேரம், மூன்று மூன்றாக ஆறு கணக்குகள், முன்பு யாரும் பார்த்திராதவை. அங்கே மேல் வரிசையில் திறமைக்குக் கூடுதல் எடை உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் மேதை என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கணிதவியலாளர் டெரன்ஸ் டாவ் அங்கே 1986இல் வெண்கலம், 1987இல் வெள்ளி, 1988இல் தங்கம் என்று படிப்படியாகத்தான் ஏறினார். தங்கம் வென்ற ஆண்டிலும் ஆறாம் கணக்கில் 7க்கு 1 மதிப்பெண்தான் பெற்றார். அதை முழுமையாகத் தீர்த்தவர்கள் 11 பேர். கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளுள் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2006இல் பெற்றவரே அன்று அந்தக் கணக்கின்முன் திணறினார் என்பதைத் தரவரிசைப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் கண்விழிப்பைப் பற்றி. மாதக்கணக்கில் படிக்கிறேன் என்று சொல்லும் மாணவர்களின் நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் அடிக்கோடுகளும் அழகாகப் படியெடுத்த விடைகளும்தான் நிறைந்திருக்கும். ரோடிகர், கார்ப்பிக்கே ஆகிய உளவியலாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் வைத்த தேர்வில் முந்தினார்கள். படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரத்துக்குப் பின் வைத்த தேர்வில் முந்தினார்கள். திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும். அந்த உணர்வுதான் நம்மை ஏமாற்றுகிறது. ஆகவே நண்பர் எவ்வளவு நேரம் படிக்கிறார் என்ற விசாரணையை விட்டுவிட்டு, உங்கள் பழைய விடைத்தாள்களை எடுத்து, இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள்: கருத்தே தெரியவில்லையா, தெரிந்தும் தோன்றவில்லையா, தோன்றியும் கூட்டலில் தவறியதா, நேரம் போதவில்லையா. இவற்றுள் இரண்டாவது மட்டும்தான் திறமையோடு நெருங்கிய உறவுடையது. பெரும்பாலான தாள்களில் அதன் பங்கு மாணவர் அஞ்சும் அளவுக்கு இராது.

ஒலிம்பியாடைத் தொடரலாமா என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள அளவுகோல் ஒன்றே. விடை கிடைக்காத ஒரு கணக்கோடு மாலை முழுவதும் மல்லுக்கட்டிவிட்டு, மறுநாள் அதையே மீண்டும் எடுக்க மனம் வருகிறதா? வருகிறதென்றால், பதக்கம் கிடைக்குமா என்று பார்க்காமல் தொடருங்கள். பின்னாளில் கணித ஆராய்ச்சிக்குப் போனால் அங்கே நாலரை மணி நேரக் கெடு கிடையாது. நண்பருக்கு இணையாக நிற்க வேண்டும் என்பதற்காக மட்டும் அங்கே இருக்கிறீர்கள் என்றால், அந்த மாலை நேரங்களை எல்லை வகுத்த பாடத்திட்டமுள்ள தேர்வுக்குக் கொடுத்துவிடுங்கள். உங்கள் உழைப்புக்கு அங்கேதான் அதிக மதிப்பெண் கிடைக்கும்.