லிம்போமா குணமாகிப் பல வருடத்துக்குப் பிறகு மறதி: டிமென்ஷியா என்று முடிவு கட்டாதீர்கள்

கேள்வி: "பத்து வருடத்துக்கு முன் லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) வந்து குணமான என் அப்பா இப்போது எல்லாவற்றையும் மறக்கிறார். இது டிமென்ஷியாதானா?"

அப்பாவின் கழுத்துக்குக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்களா? ஆஸ்பத்திரியில் தந்த பழைய டயக்னோசிஸ் கார்டை எடுத்துப் பாருங்கள். எங்கள் அம்மாவுக்கு விடை அதில்தான் இருந்தது.

2008இல் அம்மாவுக்குக் கழுத்தில் லிம்போமா. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கீமோ, பிறகு கதிர்ச் சிகிச்சை. சுகமாகி எங்கள் ஊர் களுதாவளைக்கு வந்து பழையபடி வெற்றிலைத் தோட்டம் பார்த்தா. யார் எவ்வளவு காசு தர வேண்டும் என்பதெல்லாம் கொப்பி இல்லாமலே மனதில் நிற்கும். 2018இல் அந்தக் கணக்குக் குழம்பியது. பிட்டுக்கு மாவைக் குழைத்துவிட்டு, "இது என்னத்துக்குகா?" என்று என் தங்கச்சியைக் கேட்டா. சித்திரை வெயிலில் போர்வை தேடினா. குரல் தடித்து, முகம் ஊதிப் போனது. வயசு என்று நாங்களும் விட்டோம். சொந்தக்காரர் அவவின் காதுபடவே "அறளை பேந்திட்டு" என்றார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு உறவினர் வளவு உறுதியோடு வந்து, "மாமி, ஒரு கையெழுத்து" என்று நின்றதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. தங்கச்சிக்கென்று முப்பது வருடம் காத்த வளவு அது. அன்றைக்கு நான் வீட்டில் நின்றதால் தப்பியது.

கடைசியில் ஒரு இளம் டொக்டர்தான் அந்தக் கார்டை முழுக்க வாசித்தார். கழுத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பி கதிர் பட்டால் பல வருடம் கழித்தும் சோர்ந்து போகுமாம். இரத்தம் சோதித்தால் டீ.எஸ்.எச். (தைரொயிட் சோர்ந்தால் கூடும் ஹோர்மோன்) மிகக் கூட, விற்றமின் பி12 குறைவு. சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மின் நெடுநாள் போட்டாலும் பி12 குறையும் என்றார். உடம்பு அரிப்புக்கென்று இரவில் போட்ட பிரிட்டன் (Piriton) என்ற அலர்ஜிக் குளிசையும் வயதானவர்களைக் குழப்புமாம், அதையும் நிற்பாட்டினார். தைரொயிட் குறைக்குத் தரும் தைரொக்சின் குளிசையும் பி12 ஊசியும் தொடங்கி நாலாம் மாதம், தோட்டத்தில் வேலை செய்த பையனுக்கு இரண்டு நாள் கூலி பாக்கி என்று அம்மாவே ஞாபகப்படுத்தினா.

நான் டொக்டர் இல்லை. எல்லா மறதியும் தைரொயிட் என்றும் சொல்லவில்லை. உண்மையான டிமென்ஷியாவும் இருக்கலாம், கீமோவின் பாதிப்பும் இருக்கலாம். ஆனால் தைரொயிட், பி12, இரத்தச்சோகை, உப்பு (சோடியம்), கல்சியம் எல்லாம் இரத்தத்தில் பார்க்கக் கூடியவை. மனச்சோர்வு, காது கேளாமை, தூக்கக் குளிசை பற்றியும் கேளுங்கள். விழுந்த பிறகு தலையிடி, திடீர்த் தடுமாற்றம், வலிப்பு என்றால் கிளினிக் நாள் வரை காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மூளைக்கு மேல் இரத்தம் கட்டியிருக்கலாம், பழைய நோய் திரும்பியும் இருக்கலாம்.

தைரொக்சின் தந்தால் காலையில் வெறும் வயிற்றில், தேத்தண்ணிக்கு அரை மணி முன் கொடுங்கள். கல்சியம், இரும்புச் சத்துக் குளிசைகளை நாலு மணித்தியாலம் தள்ளிக் கொடுங்கள். இது தெரியாமல் முதல் மாதம் எல்லாவற்றையும் ஒன்றாகவே கொடுத்துவிட்டோம்.