கணக்கு கேட்டால் சந்தேகமா?

கேள்வி: தெருநாய்களை மீட்டுப் பராமரிக்கும் பதிவு பெற்ற சங்கம் ஒன்றில் நான்கு ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கிறேன். நன்கொடை முழுவதும் தலைவரின் சொந்த ஜிபே எண்ணுக்கே வருகிறது. கணக்கு கேட்டால், "என்னையா சந்தேகப்படுகிறீர்கள்?" என்கிறார். கேட்ட மூன்று பேரை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். காப்பகத்தில் 60 நாய்கள் இருக்கின்றன. புகார் கொடுப்பதா, பிரிந்து போவதா?
— வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

'பணத்தைச் சாப்பிட்டுவிட்டார்' என்று தொடங்கும் சண்டைகள் பலவற்றைக் கிளறினால், திருட்டு இருக்காது. எழுதாத கணக்குதான் இருக்கும். பின்கால் முறிந்த ஒரு நாய்க்காக முகநூலில் வேண்டுகோள் போடுகிறார்கள், 18,000 ரூபாய் சேர்கிறது என்று வையுங்கள். அறுவை சிகிச்சைக்கு 11,500 ஆகிறது. மீதி அந்த வாரமே மற்ற நாய்களின் அரிசிக்கும் கோழிக்கும் போய்விடுகிறது. தலைவருக்கு அது நியாயமான செலவு. அனுப்பியவருக்கோ அது அந்த நாயின் பணம். 'மிஞ்சும் தொகை பொதுச் செலவுக்குப் போகும்' என்று வேண்டுகோளிலேயே ஒரு வரி இருந்திருந்தால் பேச்சே எழுந்திருக்காது.

ஆகவே, "பணம் எங்கே?" என்று கேட்காதீர்கள். கடந்த ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையையும் ரசீதுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று கேளுங்கள். இரு தரப்பிலும் ஒருவர், நடுவில் கணக்குத் தெரிந்த வெளியாள் ஒருவர் போதும். மருந்துக்கடை ரசீதுகளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். இனிமேல் வாங்கிய அன்றே படமெடுத்து, நாயின் பெயரோடு சேமித்துவிடுங்கள்.

சங்கத்தின் பெயரில், இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாட்டோடு வங்கிக் கணக்கு இருந்தாக வேண்டும். இதைக் குற்றச்சாட்டாக அல்ல, தலைவருக்கான பாதுகாப்பாகவே எடுத்துச் சொல்லுங்கள். சொந்தக் கணக்கில் விழும் பணத்துக்கு வருமான வரித்துறை கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் குடிமகனோ நிறுவனமோ அனுப்பும் நன்கொடையை உரிய பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்குவது குற்றமும்கூட. பிடிவாதக்காரர்கள் பலர் இந்த இடத்தில் இறங்கி வருவார்கள்.

பணத்தைப் போலவே மனத்தாங்கலை வளர்ப்பது, இன்னொரு நாயைச் சேர்ப்பதா என்ற கேள்வி. டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய் உள்ள ஒரு குட்டியைத் தனிமைக் கூண்டு இல்லாமல் உள்ளே விட்டால் தடுப்பூசி போடாத மற்றவற்றுக்கும் தொற்றிவிடும். எத்தனை நாய்கள் வரை, யார் முடிவெடுப்பது, இருவர் முரண்பட்டால் கால்நடை மருத்துவர் சொல்வதே இறுதியா என்பதையெல்லாம் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் முடிவெடுக்கும் வழக்கத்தையும் அதோடு விட்டுவிடலாம்.

வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்குவது சங்கத்திலிருந்து நீக்குவதாகாது. உறுப்பினரை நீக்கத் துணை விதிகளில் சொன்ன வழி உண்டு. ஆனால் நீங்கள் உண்மையிலேயே உறுப்பினரா? உறுப்பினர் பதிவேட்டைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் கூண்டு கழுவிய பலரின் பெயர் அதில் இருப்பதில்லை. அவர்களுக்குப் பொதுக்குழுவில் வாக்கும் இல்லை. சந்தா கட்டிச் சேர்வதுதான் அவர்களுக்கு முதல் வேலை.

பேசியும் பலனில்லை என்றால், 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 36-ஆவது பிரிவின்படி, உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினரோ செயற்குழுவில் பெரும்பான்மையினரோ விசாரணை கோரி மாவட்டப் பதிவாளரிடம் மனுக் கொடுக்கலாம். இதே கேள்வியைப் பொது அறக்கட்டளையிலிருந்து யாராவது கேட்டால் வழி வேறு: அக்கறையுள்ள இருவராவது சேர்ந்து, நீதிமன்ற அனுமதியோடு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவில் வழக்குத் தொடுக்க வேண்டும். இரண்டு செயற்குழுக்கள் 'நாங்களே அசல்' என்று நிற்கும் நிலை வந்தால் சங்கமும் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். நாய்களுக்குத் தினமும் சோறு வேண்டும்.

பிரிந்தே தீர வேண்டும் என்றால், எந்தெந்த நாய் யாரிடம் போகிறது என்று தடுப்பூசி அட்டை, கருத்தடை விவரத்தோடு எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். பழைய பெயரையும் முகநூல் பக்கத்தையும் யார் வைத்துக்கொள்வது என்பதும் அதே தாளில் வரட்டும். இரவோடு இரவாக வண்டியில் ஏற்றிப் போகும் யோசனை யாருக்காவது இருந்தால் தடுத்துவிடுங்கள். மறுநாளே அது காவல் நிலையத்தில் திருட்டுப் புகாராக வந்து நிற்கும்.