யுபிவிசி (கடினமான பிளாஸ்டிக்) ஜன்னல் சட்டத்தின் அடியில் உள்ள சிறு துளைகள் எதற்கு, எப்படிச் சுத்தம் செய்வது?

அவை வடிகால் துளைகள். சாய்ந்து அடிக்கும் மழையில் கொஞ்சம் தண்ணீர் ரப்பர் பட்டையைத் தாண்டி உள்ளே வரத்தான் செய்யும். ஜன்னல் கதவு ஓடும் தடத்தில் தேங்கும் அந்த நீர், சட்டத்துக்குள் இருக்கும் வெற்றிடம் வழியாக இறங்கி இந்தத் துளைகளில் வெளியேறும். பூந்தொட்டியின் அடி ஓட்டை அடைத்தால் தண்ணீர் மேலே நிற்குமே, அதே கதைதான் இங்கும்.

அதனால் கண்ணாடியைவிடத் தடத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். எடுத்தவுடன் தண்ணீர் ஊற்றாதீர்கள். தூசி சேறாகித் துளையை அடைத்துவிடும். காய்ந்த தூரிகையாலோ வாக்யூம் கிளீனராலோ தூசியை எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு கலந்த தண்ணீரில் மென்மையான துணியை நனைத்துத் துடையுங்கள். பிறகு தடத்தில் அரை டம்ளர் தண்ணீர் விட்டுப் பாருங்கள். வெளிப்பக்கம் வடிந்தால் சரி. இல்லையென்றால் மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் அடைப்பை நீக்குங்கள்.

தின்னர், அசிட்டோன் வேண்டவே வேண்டாம், அவை பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே இளக்கிவிடும். தேய்க்கும் பவுடர் கீறல் போடும். கீறலில் அழுக்கு தங்கும்.

மழைநீர் இந்தத் துளை வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது என்று நினைத்துச் சிலர் சிலிக்கோன் பசை பூசி அடைத்துவிடுகிறார்கள். அப்படி அடைத்தால்தான் நீர் தடத்தில் நிறைந்து உள்பக்கம் வழியும்.