இரவு பதினொரு மணிக் கொத்தும் நெஞ்செரிவும்

கேள்வி: எனக்கு 34 வயது. யாழ்ப்பாணம் நகரில் ஒரு போன் கடையில் வேலை. கடை பூட்டி, கணக்கு முடித்து வெளிக்கிட இரவு பத்தரை ஆகிவிடும். பஸ் நிலையப் பக்கம் ஒரு மலிவுக் கடையில் கொத்தோ, பரோட்டாவும் கறியுமோ சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் உடனே படுத்துவிடுவேன். கொஞ்ச நாளாகப் படுத்தால் நெஞ்சு எரிகிறது, வாய்க்குள் புளித்தண்ணி வருகிறது. போன மாதம் நண்பன் முட்டைக்கொத்தும் நான் பரோட்டாவும் கோழிக்கறியும் சாப்பிட்டோம். விடியப்புறம் எனக்கு மட்டும் வயிற்றுநோவும் வயிற்றோட்டமும். வாந்தி, காய்ச்சல் இல்லை. அடுத்த நாளே நின்றுவிட்டது. நாரிநோவுக்கு இடைக்கிடை டைக்ளோபெனாக் குளிசை போடுவேன். “கடைச் சாப்பாடு அல்சரில்தான் கொண்டுபோய் விடும்” என்று அம்மா பேசுகிறார். அந்தக் கடையை விட்டுவிட வேண்டுமா?

பதில்: தம்பி, மூன்று வேறு வேறு விஷயங்களை ஒரே கடையின் தலையில் போட்டிருக்கிறீர்கள். வயிற்றோட்டம் அநேகமாகக் கறிச்சட்டியால் வந்தது. நெஞ்செரிவு நீங்கள் படுக்கும் நேரத்தால் வருகிறது. அல்சர் வருவதானால், கொத்தைவிட அந்தக் குளிசையில்தான் எனக்குச் சந்தேகம்.

நண்பனுக்கு ஒன்றுமில்லை என்று எழுதினீர்களே, நல்ல துப்பு அது. கொத்து கண்முன்னே கல்லில் வேகிறது. கடைசியாக ஊற்றும் ஒரு கரண்டிக் குழம்புகூடக் கல்லில் பட்டுக் கொதித்துவிடும். உங்கள் கோழிக்கறி அப்படியில்லை. பின்னேரம் பெரிய சட்டியில் சமைத்து, அடுப்பை நிறுத்தி, மூடி வைத்த கறியாக இருந்திருக்கும். குளொஸ்ட்ரிடியம் பெர்பிரின்ஜென்ஸ் என்றொரு கிருமி உண்டு. அதன் வித்துகள் கொதியிலும் சாகாது. பெரிய சட்டி ஆற மணிக்கணக்காகும். அந்த இளஞ்சூட்டில் வித்து முளைத்து, சுமார் பத்து நிமிடத்துக்கொருமுறை இரட்டித்துப் பெருகும். சாப்பிட்டு 6 முதல் 24 மணிநேரத்துக்குள் வயிறு முறுக்கும், தண்ணியாகப் போகும். காய்ச்சல் இராது, வாந்தி பெரும்பாலும் இராது, ஒரு நாளில் அடங்கும். மலப் பரிசோதனை இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் உங்கள் கதை இதற்கு நன்றாகப் பொருந்துகிறது.

வித்துத்தான் கொதியில் சாகாது. முளைத்துப் பெருகிவிட்ட கிருமி, கறியை மறுபடி தளதளவென்று கொதிக்க வைத்தால் செத்துவிடும். ஆகவே “அண்ணை, கறியைக் கொதிக்க வைச்சுத் தாங்கோ” என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஆனால் எல்லாவற்றுக்கும் இது சரிவராது. மத்தியானச் சோறு வெளியிலேயே கிடந்து இரவில் பிறைட் றைஸ் ஆகும்போது, பசிலஸ் சீரியஸ் என்ற கிருமி அதற்குள் நஞ்சை விட்டிருக்கலாம். அந்த நஞ்சு சமையல் சூட்டுக்கு மசியாது. ஒன்றிலிருந்து ஆறு மணிநேரத்துக்குள் வாந்தியில் கொண்டுபோய் விடும். அந்த நேரத்துச் சம்பலையும் தேங்காய்ப்பால் சொதியையும்கூட நான் தொடமாட்டேன். பழகிய நாக்குக்கு இது பெரிய தண்டனைதான், தெரியும்.

மேசையில் இருக்கும் தண்ணிப் போத்தலையும் விடுங்கள். எங்களுடையது சுண்ணக்கல் நிலம். மலசலகூடக் குழியில் இறங்குவது கல் வெடிப்புகள் வழியாகக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்) இங்கே புதினமில்லை. கொதித்த பிளேன்ரீ குடியுங்கள்.

மறுபடி வயிற்றோட்டம் வந்தால், ஒரு பாக்கெட் ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணியில் முழுதாகக் கரைத்துக் குடியுங்கள். பாதியைக் கரைத்து அளவைக் குழப்ப வேண்டாம். மருந்துக் கடையில் நீங்களாகவே அன்ரிபயோட்டிக் வாங்கவும் வேண்டாம். மலத்தில் இரத்தம், காய்ச்சல், சலம் குறைதல் என்றால் வைத்தியரிடம் போகவேண்டும்.

அடுத்தது நெஞ்செரிவு. எண்ணெய் கூடிய சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க நேரமெடுக்கும். அது இறங்குமுன் நீட்டி நிமிர்ந்து படுத்தால் அமிலம் மேலே வருகிறது. படுக்க 3 மணிநேரம் முன்னதாகச் சாப்பிடுங்கள் என்றுதான் சாதாரணமாகச் சொல்வோம். பத்தரைக்கு வேலை முடிப்பவரிடம் அதைச் சொல்லி என்ன பயன்? முக்கியச் சாப்பாட்டை ஏழு மணிக்கே கடையில் வைத்துச் சாப்பிட வழி பாருங்கள். அம்மா கட்டித்தரும் பிட்டே போதும். பதினொரு மணிக்குப் பசித்தால் இரண்டு வாழைப்பழம், அல்லது சின்னதாக ஏதாவது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து ஆறங்குலம் உயர்த்தி, இடப்பக்கம் சரிந்து படுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடிந்து இன்னும் மோசமாகும். சிகரெட் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை.

இனி அம்மா பயப்படுத்தும் அல்சர், அதாவது வயிற்றுப் புண். உறைப்பு இருக்கிற புண்ணை எரிக்கும், புண்ணை உண்டாக்காது. பெரும்பாலான புண்களுக்குக் காரணம் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற கிருமியும் டைக்ளோபெனாக் போன்ற நோமாத்திரைகளும்தான். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததற்காக பரி மார்ஷலுக்கும் ரொபின் வொரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. வெறுவயிற்றோடு நாள் முழுக்க நின்று, நாரிநோவுக்கு டைக்ளோபெனாக் போட்டு, இரவில் கொத்து சாப்பிட்டால் பழி கொத்துக்குத்தான் போகும்! அந்தக் குளிசையை நிறுத்திவிட்டு, நோவுக்கு பனடோல் போடுங்கள்: ஒருமுறைக்கு இரண்டு, ஆறு மணிநேர இடைவெளி, நாளுக்கு எட்டுக்கு மேல் கூடாது. நாரிநோவு தொடர்ந்தால் அதைத் தனியாகக் காட்டுங்கள்.

இத்தனையும் செய்து இரண்டு, மூன்று கிழமையில் எரிவு குறையாவிட்டால் வைத்தியரைப் பாருங்கள். விழுங்கக் கஷ்டம், காரணமில்லாமல் மெலிவு, கரிபோல மலம், இரத்த வாந்தி இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். நெஞ்சை அழுத்துவதுபோல நொந்து, வியர்த்து, நோவு கைக்கோ தாடைக்கோ பரவினால் அதை வாயு என்று நினைத்து இஞ்சி இடித்துக் குடித்துக்கொண்டு இருக்காமல் உடனே 1990-க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.