புகைப்படப் பேராசிரியராக இருந்துகொண்டே கண்காட்சிக் கலைஞராகவும் நிலைக்க முடியுமா?

கற்பிக்கும் பணி கலைஞரின் நேரத்தை விழுங்கிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்; அமெரிக்கப் புகைப்படக் கலைஞரான ஹாரி கலஹானின் வாழ்க்கையையே இதற்கு விடையாகச் சொல்வேன். ஜெனரல் மோட்டார்ஸின் புகைப்படக் கூடத்தில் பணியாற்றியவரும், இக்கலையைத் தாமாகவே கற்றவருமான அவரை, 1946இல் ஹங்கேரியில் பிறந்த கலைஞரான மொஹோலி-நாகி சிகாகோவில் தாம் நடத்திய வடிவமைப்புக் கல்லூரியில் ஆசிரியராக அமர்த்தினார். பின்னர் 1961 முதல் 1977 வரை ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளியில் கற்பித்தார்.

காலையில் நகரில் நடந்து படமெடுப்பதும், பிற்பகலில் அவற்றுள் நல்லவற்றை அச்சிட்டுப் பார்ப்பதுமே அவருடைய நடைமுறை. அப்படியும் ஆண்டுக்கு ஐந்தாறு படங்கள்தாம் தேறும் என்பது அவருடைய கணக்கு, கறாரான கணக்குதான். மனைவி எலினோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து படமெடுத்தார். 1976இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தது. 1978இல் வெனிஸ் ஈராண்டுக் கலைவிழாவில் அமெரிக்காவின் சார்பில் அவருடைய படங்கள் இடம்பெற்றன.