பிளஸ், மைனஸ் போட்ட ஆட்டோ கியர்: கூடுதல் காசு கொடுக்கலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது ஆட்டோ கார்களுக்கு மட்டுமான 3ஏ உரிமம். ஆறு வருடம் ஓடிய கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஆட்டோ கார்தான், ஆனால் கியர் கம்பியை ‘டி’யிலிருந்து பக்கவாட்டில் தள்ளினால் பிளஸ், மைனஸ் என்று கையால் மாற்றிக்கொள்ளலாம். இதை ஓட்ட 3ஆம் வகுப்பு உரிமம் வேண்டும் என்கிறார் என் மைத்துனர். இந்த வசதிக்காகவே 2,000 வெள்ளி அதிகம் தரலாம் என்கிறார் விற்பனையாளர். யார் சொல்வது சரி?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை. உங்கள் உரிமம் பார்ப்பது கிளட்ச் மிதி இருக்கிறதா என்பதை மட்டும்தான். நீங்கள் சொல்லும் காரில் இரண்டு மிதிகளே இருக்கின்றன. கியரை நீங்கள் கையால் மாற்றினாலும் கிளட்ச் வேலையைக் காரே செய்துகொள்கிறது. எனவே 3ஏ போதும். மைத்துனரைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

2,000 வெள்ளி விஷயம் வேறு. போர்ஷ நிறுவனம் 1990வாக்கில் தன் 911 காரில் ‘டிப்டிரானிக்’ என்ற பெயரில் இதைக் கொடுத்தபோது அது பந்தயக்காரர்களின் ஆசைக்கு ஏற்ற புதுமை. இன்று பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும் சாதாரணக் காரிலும் அது இருக்கிறது. அதற்குத் தனி விலை கேட்பது தோசை வாங்கியவரிடம் சட்னிக்குக் காசு கேட்பது போல. அதிலும் நம் சிங்கப்பூரில் ஆக உயரமான புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான். விரைவுச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்ட முடியாது. வாங்கிய புதிதில் ஒரு வாரம் தட்டிப் பார்ப்பீர்கள். பிறகு ‘டி’யிலேயே விட்டுவிடுவீர்கள்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கம்பிக்கு அடியில் இருப்பது எந்த வகை கியர்பாக்ஸ் என்பது. எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வைத்த பழைய பாணி ஆட்டோவா, பட்டையும் கப்பியுமாக ஓடும் சிவிடியா, கணினி இயக்கும் இரட்டைக் கிளட்ச் வகையா? மூன்றின் மேலேயும் ஒரே மாதிரி பிளஸ், மைனஸ் போட்டிருப்பார்கள். சிவிடியில் உண்மையில் தனித்தனிக் கியர்களே கிடையாது. நீங்கள் ‘பிளஸ்’ தட்டும்போது மென்பொருள் ஒரு படியை உண்டாக்கிக் காட்டுகிறது. அதில் தவறில்லை, ஆனால் ‘ஏழு கியர்’ என்று சொல்லி விலையேற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். கடைக்காரர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்காத காரைக் காலையில் கேளுங்கள். பிரேக்கை மிதித்தபடி ‘ஆர்’, ‘டி’ என்று மாற்றும்போது கியர் விழுவதற்கு ஒரு நொடிக்கு மேல் ஆகிறதா, அல்லது இடி விழுந்தாற்போல் குலுங்குகிறதா என்று பாருங்கள். பிறகு பலமாடி கார் நிறுத்துமிடம் ஒன்றில் கீழ்த்தளத்திலிருந்து உச்சி வரை நடை வேகத்தில் ஏறுங்கள். கியர்பாக்ஸின் நோய் பெரும்பாலும் விரைவுச்சாலையில் தெரியாது. அந்தச் சரிவில் தெரிந்துவிடும். பராமரிப்புப் பதிவேட்டில் கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றிய தேதி இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘ஆயுள் முழுதும் மாற்ற வேண்டியதில்லை’ என்பார்கள். நின்று நின்று போகும் வண்டிக்கும் நம் வெயிலுக்கும் அந்த வாக்குறுதியை நான் நம்புவதில்லை.

முன்பணம் கட்டும் முன் விகோம் அல்லது எஸ்டிஏ போன்ற சோதனை நிலையத்தில் காரைக் காட்டுங்கள். சோதனையில் குறை தெரிந்தால் முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். காரை வைத்திருக்க அனுமதிக்கும் பத்து வருட உரிமைச் சான்றிதழில் மீதி நான்கு வருடம்தான். அதற்குள் கியர்பாக்ஸ் போனால், செலவு செய்வதா கார் பதிவை ரத்து செய்வதா என்ற நிலை வந்துவிடும்.

கேள்வி: பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மலேசியாவின் கெந்திங் மலைக்குப் போனோம். ஏறும்போது சிரமம் இல்லை. இறங்கும்போது பாதி வழியில் ஏதோ கருகும் வாடை. பிரேக் மிதி மெத்தென்று ஆனது போல் இருந்தது. திரும்பி வந்து பட்டறையில் காட்டினால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அடுத்து கேமரன் மலைக்குப் போக வேண்டும் என்கிறார் என் மாமியார். காரில் மேனுவல் மோடு இருக்கிறது. அதனால் ஏதாவது பயன் உண்டா?
– ஜூரோங் வெஸ்ட் வாசகி

பதில்: உண்டு. அந்தப் பிளஸ், மைனஸ் பிறவிப் பயன் அடைவதே அங்கேதான்.

கெந்திங் உச்சி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். ஐந்து பேரும் பெட்டிகளுமாக அங்கிருந்து ‘டி’யில் இறங்கினால் என்ன நடக்கிறது? நீங்கள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், ‘சமவெளியில் நிதானமாகப் போகிறார் போலிருக்கிறது’ என்று எண்ணிப் பல கார்கள் ஐந்தாம், ஆறாம் கியருக்குத் தாவிவிடும். மேல் கியரில் இன்ஜின் காரை இழுத்துப் பிடிப்பது மிகக் குறைவு. ஆகவே காரின் மொத்த எடையும் பிரேக் தலையில் விழுகிறது. கால் மிதியிலேயே இருந்தால் பட்டைகள் சூடேறிக் கருகும்; அந்தச் சூடு பிரேக் எண்ணெய்க்கும் போகும். பழைய எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அந்த ஈரம் கொதித்துக் குமிழ் விட்டால் மிதி மெத்தென்று ஆகும். நீங்கள் உணர்ந்தது அநேகமாக அதுதான். பட்டறைக்காரர் பார்த்தபோது எல்லாம் ஆறிப்போயிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் பிரேக் எண்ணெய் மாற்றி எத்தனை வருடம் ஆகிறது என்று அவரிடம் கேளுங்கள். இரண்டு வருடத்தைத் தாண்டியிருந்தால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

இறங்கும்போது, சரிவு தொடங்கும் முன்பே ‘எம்’முக்கு மாற்றிவிடுங்கள். ‘குனா கியர் ரெண்டா’ என்று மலாயில் பலகை வைத்திருப்பார்கள். தாழ்ந்த கியரில் போ என்பதுதான் அது. எந்தக் கியர்? அதே சரிவில் எந்தக் கியரில் ஏறினீர்களோ அதுதான் தொடங்குவதற்கு நல்ல கணக்கு. பெரும்பாலும் மூன்று, செங்குத்தான இடத்தில் இரண்டு. இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் நிமிடத்துக்கு 3,000, 4,000 சுற்றுக்கு ஏறும். இன்ஜின் உறுமும். பின்னால் இருப்பவர்கள் பயப்படுவார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. பெரும்பாலான பெட்ரோல் கார்களில் சிவப்புக் கோடு 6,000க்கு மேல்தான் தொடங்குகிறது. கால் ஆக்சிலரேட்டரில் இல்லாதபோது இன்றைய இன்ஜின் பெட்ரோல் பாய்ச்சுவதையே நிறுத்திவிடும். அத்தனை உறுமலும் இலவசம்.

வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு காலை முழுதும் எடுங்கள். லேசாக மிதித்துக்கொண்டே வருவதுதான் கெடுதல். மைனஸ் தட்டியும் கியர் இறங்காமல் ‘டிங்’ என்று மணி அடித்தால் கோளாறு அல்ல. அந்த வேகத்தில் இறக்கினால் இன்ஜின் தாங்காது என்று கார் மறுக்கிறது. முதலில் பிரேக், பிறகு மைனஸ். பெட்ரோல் மிச்சம் என்று யாராவது ‘என்’னில் (நியூட்ரலில்) போடச் சொன்னால், அவரை அடுத்த பயணத்துக்கு அழைக்காதீர்கள்.

உங்கள் கார் எது என்று எழுதவில்லை. அதனால் சில வேறுபாடுகளையும் சொல்லிவிடுகிறேன். பல டொயோட்டா கார்களில் ‘எம்’முக்குப் பதில் ‘எஸ்’ இருக்கும். அங்கே ‘4’ என்று தெரிந்தால் நான்காம் கியரில் இருக்கிறோம் என்று பொருள் அல்ல. நான்குக்கு மேல் போகாது என்றுதான் பொருள். உறுமல் வரவில்லையே என்று தோன்றினால் இன்னும் ஒன்றைக் குறையுங்கள். ‘டி’யில் இருந்தபடியே ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள விசையைத் தட்டினால், பல கார்கள் சற்று நேரத்தில் தாமாகவே ‘டி’ நடத்தைக்குத் திரும்பிவிடும். நீண்ட இறக்கத்துக்கு அது போதாது, கம்பியையே நகர்த்துங்கள். டொயோட்டா ஹைபிரிட் கார்களில் ‘டி’க்குப் பக்கத்தில் ‘பி’ என்று ஒன்று இருக்கும். நிறுத்தி வைக்கும் ‘பி’ அல்ல, இறக்கத்துக்கென்றே வைத்தது.

கேமரன் மலையிலும் வாடை வந்தால், அகலமான ஓரம் பார்த்து நிறுத்தி ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மாமியாருக்கு ஒரு தேநீர் வாங்கிக்கொடுத்தால் நேரம் போய்விடும்.

கேள்வி: பழைய காரில் கம்பியை முன்னால் தள்ளினால் பிளஸ். புதிதாக வாங்கிய மஸ்டாவில் முன்னால் தள்ளினால் மைனஸ். பொருத்தும்போது தவறு நேர்ந்திருக்குமா?
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: தவறு இல்லை. மஸ்டா, பிஎம்டபிள்யூ இரண்டும் அப்படித்தான் வைக்கின்றன. பிரேக் பிடிக்கும்போது உடல் முன்னால் சாய்கிறது, அப்போது வேண்டியது கீழ்க்கியர். ஆகவே முன்னால் தள்ளுவதே இயல்பு என்பது இந்த முறையை விரும்புவோரின் வாதம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. மாற்றித் தட்டிவிட்டாலும் பயமில்லை. இன்ஜினைச் சேதப்படுத்தும் கியருக்குக் கார் போகாது.

கேள்வி: பழைய கார் விற்பனையாளர் ஒருவரிடம் மூன்று மாதத்துக்கு முன் இரட்டைக் கிளட்ச் கியர் வைத்த கார் வாங்கினேன். வீவக கார் நிறுத்துமிடத்தின் சரிவில் மெதுவாக ஏறும்போது வண்டியே உதறுகிறது. “இந்த வகை அப்படித்தான், மேனுவல் மோடில் போட்டு ஓட்டுங்கள்” என்கிறார். பொறுத்துக்கொள்ள வேண்டியதுதானா?
– செங்காங் வாசகர்

பதில்: வேண்டியதில்லை. அவர் சொல்வதில் கால் பங்கு உண்மை இருக்கிறது. இந்த வகையில் உள்ளே நிஜமான கிளட்சுகள் இரண்டு இருக்கின்றன, ஊர்ந்து போகும்போது அவை பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேயும். லேசான தயக்கம் இயல்பு. உதறல் இயல்பு அல்ல. மேனுவல் மோடு இதற்கு மருந்தும் அல்ல. அந்த வேகத்தில் நீங்கள் மாற்றினாலும் கார் மாற்றினாலும் இருக்கப்போவது முதல் கியர்தான். உங்கள் பக்கத்திலும் ஒன்றைச் சரிபாருங்கள்: சரிவில் வரிசையில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக் காரைப் பிடித்து வைக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். கிளட்ச் எரிவது அதனால்தான். பிரேக்கில் நில்லுங்கள், முன்னால் இடம் விழுந்த பிறகு நகருங்கள்.

சட்டம் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள ‘லெமன் சட்டம்’ பழைய கார்களுக்கும் பொருந்தும். பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியவர் விற்றவர். அவர் நியாயமான காலத்துக்குள் பழுதுபார்க்க வேண்டும் அல்லது மாற்றித்தர வேண்டும். அது முடியாவிட்டால் விலையில் ஒரு பகுதியை, அல்லது காரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். வயதுக்கேற்ற தேய்மானத்துக்கும், விற்கும்போதே உங்களிடம் சொல்லிவிட்ட குறைக்கும் இது பொருந்தாது. தனியாரிடம் நேரடியாக வாங்கியிருந்தாலும் பொருந்தாது.

மூன்று மாதம் போய்விட்டது, தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். உதறலைக் காணொளியாக எடுங்கள்; முள்ளும் கியர் எண்ணும் தெரியட்டும். தேதி போட்டு எழுத்தில் அனுப்புங்கள். விற்றவருக்கு வேண்டிய பட்டறை அல்லாத ஓரிடத்தில் அறிக்கை வாங்குங்கள். மசியாவிட்டால் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை ஏற்கிறது. இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. அங்கே வழக்கறிஞர்களுக்கு இடமில்லை, அதனால் செலவும் குறைவு.

கேள்வி: மேனுவல் மோடில் ஓட்டினால் பெட்ரோல் மிச்சமாகுமா? மின்சாரக் காரிலும் அதே விசைகள் இருக்கின்றனவே?
– பொங்கோல் வாசகி

பதில்: ஆகாது. பான் தீவு விரைவுச்சாலையின் மாலை நெரிசலில் நம்மைவிட ‘டி’ சிக்கனமாகக் கணக்குப் போடும். பெரும்பாலான மின்சாரக் கார்களில் ஒரே கியர்தான். அந்த விசைகள், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது மோட்டார் எவ்வளவு இழுத்துப் பிடித்துப் பேட்டரிக்கு மின்சாரம் திருப்ப வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்கின்றன. மலையிறக்கத்தில் வேலை ஒன்றேதான். ஆனால் பேட்டரி நிறைந்திருந்தால் அந்தப் பிடிப்பு குறைந்துவிடும். உச்சியில் முழுவதும் மின்னூட்டிக்கொண்டு இறங்காதீர்கள்.