கல்லீரலில் பெரிய அறுவை: மிச்சம் தாங்குமா?

கேள்வி: அப்பாவுக்குக் கல்லீரலின் வலது பாதியை எடுக்கப் போகிறார்கள். எல்எஃப்டி (கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை) நார்மல். பயமில்லைதானே டாக்டர்?

பதில்: நல்ல செய்திதான். ஆனால் அதை மட்டும் நம்பி யாரும் கத்தியை எடுப்பதில்லை. முதலில், வலது ‘பாதி’ பாதியே அல்ல. பலருக்கு அது மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரும். அதனால் சிடி ஸ்கேனை வைத்து, மிஞ்சப்போகும் பகுதியின் கன அளவைக் கணக்கிடுவார்கள். நோயில்லாத கல்லீரல் 20 சதவீதம் மிஞ்சினாலும் பெரும்பாலும் சமாளித்துவிடும். நிறைய கீமோ வாங்கியிருந்தால் 30, சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகுவது) இருந்தால் 40 சதவீதமாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அப்புறம் பிளேட்லெட்டைப் பாருங்கள். ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்து மண்ணீரலும் வீங்கியிருந்தால், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடியிருக்கலாம். எல்எஃப்டி நார்மலாக இருந்தாலும் அங்கே நான் தயங்குவேன். வயது, சர்க்கரை நோய், அறுவையின்போது இழக்கும் ரத்தம் எல்லாமே கணக்கில் சேரும்.

கேள்வி: ரிப்போர்ட்டில் சைல்ட்-பியூ ‘ஏ’ என்று இருக்கிறது. அப்படியென்றால் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாமா?

பதில்: இல்லை. சைல்ட்-பியூ என்பது கல்லீரல் பாதிப்பை ஏ, பி, சி என்று தரம் பிரிப்பது; ‘ஏ’ என்றால் லேசானது. ஆனால் ‘ஏ’வுக்குள்ளேயே நல்ல கல்லீரலும் உண்டு, தள்ளாடும் கல்லீரலும் உண்டு. ஆல்புமின் (கல்லீரல் தயாரிக்கும் புரதம்), பிலிருபின் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமி) இரண்டை மட்டும் வைத்துப் போடும் ஆல்பி ஸ்கோர் அவற்றை இன்னும் நன்றாகப் பிரித்துக் காட்டும்.

கேள்வி: ஐசிஜி என்று பச்சைச் சாயம் ஏற்றினார்களே, எதற்கு?

பதில்: 15 நிமிடம் கழித்து ரத்தத்தில் எவ்வளவு சாயம் மிச்சமிருக்கிறது என்று பார்க்க. 10 சதவீதத்துக்குள் இருந்தால் கல்லீரல் சுறுசுறுப்பாக இருக்கிறது. பித்தநாளம் அடைத்துக் காமாலை இருக்கும்போது இந்த எண்ணை நம்ப முடியாது.

கேள்வி: அம்மாவுக்கு மிச்சம் போதாது என்கிறார்கள். வேறு வழி?

பதில்: எடுக்கப்போகும் பக்கத்துக்குப் போகும் போர்ட்டல் கிளையை அடைத்துவிட்டால், ரத்தம் மறுபக்கம் திரும்பி அது வளரும். பொதுவாக 4 முதல் 6 வாரம் கழித்து மறுபடி அளப்பார்கள். வளர்ச்சியே ஒரு பரீட்சைதான்: அடைத்தும் வளராத கல்லீரல், பெரிய அறுவைக்குப் பிறகும் வளராது என்று சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: அண்ணனுக்கு அறுவை முடிந்து மூன்றாம் நாள். பிலிருபின் ஏறியிருக்கிறது. கல்லீரல் செயலிழப்பா?

பதில்: இப்போதே அப்படிச் சொல்ல முடியாது. முதல் சில நாள் ஏறி இறங்குவது சகஜம். 2011-இல் வந்த சர்வதேச வரையறை ஐந்தாம் நாளிலிருந்துதான் கணக்கெடுக்கிறது. அதுவும் பிலிருபின், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் எண்) இரண்டும் சேர்ந்து உயர்ந்திருந்தால். அதுவரை இரண்டும் எந்தப் பக்கம் போகின்றன என்று தினமும் கேளுங்கள். தூக்கக் கலக்கம், பேச்சில் குழப்பம், வயிறு உப்புவது தெரிந்தால் ஐந்தாம் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள்.